காம்பாக்ட் கேமராவின் குவியத்தொலைவு: வளையத்து எண்ணைப் படிப்பது முதல் நிற்கும் இடத்தைத் தேர்வது வரை

திருநெல்வேலி மாவட்டத்துப் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்துக்கு முதன்முறையாகக் கேமராவுடன் வரும் மாணவர்களிடம் "உங்கள் லென்ஸ் எவ்வளவு?" என்று கேட்டால், ஒருவர் "நாற்பது மி.மீ." என்பார், இன்னொருவர் "எட்டு எக்ஸ்" என்பார், மூன்றாமவர் "இருநூற்று இருபத்துநான்கு" என்பார். மூவர் கையிலும் இருப்பது ஒரே மாதிரிக் கேமராவாக இருக்கலாம். மூன்று விடைகளும் சரியாகவும் இருக்கலாம். ஆனால் கரையில் நின்றுகொண்டு, எதிரே உள்ள மரத்தில் அமர்ந்திருக்கும் நாரை படத்தில் எவ்வளவு பெரிதாக வரும் என்று கேட்டால், மூவராலும் சொல்ல முடிவதில்லை. அதைச் சொல்ல வைப்பதே இந்த வழிகாட்டியின் நோக்கம்.

படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். லென்ஸின் பின்னே இருந்து படத்தைப் பதியும் சில்லான சென்சாரின் அளவை அறியாமல் பெருக்கினால் விடை தவறும். சுவரில் அளந்து பார்க்காமல் களத்துக்குச் சென்றால், கணக்கு சரியாக இருந்தும் கை அதை நம்பாது.

தொடங்கும் முன் வேண்டியவை

மின்கலம் நிரம்பிய கேமரா, அதன் கையேடு அல்லது தொழில்நுட்ப விவரத் தாள், கொத்தனார்கள் பயன்படுத்தும் 5 அல்லது 10 மீட்டர் டேப், சாக்பீஸ், நோட்டு, கால்குலேட்டர், படங்களைத் திறந்து பார்க்க ஒரு கணினி. இவற்றுடன் 6 மீட்டர் நீளமாவது தடையின்றி இருக்கும் ஒரு மதில் வேண்டும். பள்ளிக்கூடத்து மதில் பெரும்பாலும் போதுமானதாக இருக்கும்.

கேமராவின் மெனுவில் படத்தின் அளவை, அது தரும் மிகப் பெரிய அளவுக்கு வைத்துவிடுங்கள். சிறிய அளவுகளிலும் 16:9 விகிதத்திலும் சில கேமராக்கள் சென்சாரின் ஒரு பகுதியை மட்டும் பயன்படுத்துவதால், நீங்கள் அளப்பது முழு லென்ஸின் பார்வையாக இருக்காது.

1. லென்ஸ் வளையத்தில் உள்ள எண்களைப் படியுங்கள்

லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தில் இரண்டு இணை எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, கேனான் இக்ஸஸ் 185 என்ற சிறிய கேமராவின் லென்ஸ் 5.0–40.0 மி.மீ.; அதன் துளை 3.2–6.9. மி.மீ. என்று முடியும் இணையே குவியத்தொலைவு. நம் பேச்சில் ஃபோக்கல் லென்த் என்று சொல்வது இதைத்தான். மிகத் தொலைவில் உள்ள ஒரு பொருள் தெளிவாகத் தெரியும்போது, லென்ஸின் ஒளியியல் மையத்துக்கும் சென்சாருக்கும் இடையே உள்ள தூரம் அது. முதல் எண், லென்ஸ் மிக விரிவாகப் பார்க்கும் வைட் முனைக்குரியது. இரண்டாவது, மிகக் குறுகலாகப் பார்க்கும் டெலி முனைக்குரியது.

1 என்று தொடங்கி இரட்டைப் புள்ளியுடன் வரும் அடுத்த இணை, அந்த இரு முனைகளிலும் ஒளி நுழையும் துளை எவ்வளவு திறக்கும் என்பதைக் காட்டுகிறது; எண் சிறிதானால் துளை பெரிது. இதை ஜூம் விகிதம் என்று எண்ணிக்கொள்பவர்கள் உண்டு. பெரிய ஜூம் கேமராக்களில், வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட குறியுடன் 52, 67 போன்ற ஓர் எண்ணும் இருக்கும். அது ஃபில்டர் மாட்டும் விட்டம். குவியத்தொலைவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இம்மூன்றையும் நோட்டில் தனித்தனியே எழுதிவிட்டால் பின்னால் குழப்பம் வராது.

2. சென்சாரின் உண்மையான அளவைக் கண்டறியுங்கள்

குவியத்தொலைவு மட்டும் தெரிந்தால் பார்வையின் அகலம் தெரிந்துவிடாது. ஒரே அளவு சன்னல் வழியாகக் கிட்ட நின்று பார்ப்பதற்கும் தள்ளி நின்று பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டு. அதே தூரத்தில் நின்று பெரிய சன்னல் வழியாகப் பார்ப்பதற்கும் சிறிய சன்னல் வழியாகப் பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டு. குவியத்தொலைவு என்பது நிற்கும் தூரம்; சென்சார் என்பது சன்னல்.

விவரத் தாளில் சென்சாரின் அளவு 1/2.3 அங்குலம், 1 அங்குலம் என்று அங்குலத்தில் எழுதப்பட்டிருக்கும். புதியவர்கள் மிகுதியாக இடறுவது இந்த இடத்தில்தான். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. ஆதலால், 1/2.3 அங்குலச் சென்சாரின் மூலைவிட்டம் 11 மி.மீ. என்று வகுத்து எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அதன் அளவு ஏறத்தாழ 6.2 × 4.6 மி.மீ.; மூலைவிட்டம் 7.7 மி.மீ. மட்டுமே. அதேபோல 1 அங்குலச் சென்சார் என்பது 13.2 × 8.8 மி.மீ., மூலைவிட்டம் 15.9 மி.மீ. இந்த அங்குலப் பெயர்கள் பழைய வீடியோ கேமராக்களில் இருந்த குழாய்களின் வெளிவிட்டத்தைக் குறித்த வழக்கின் எச்சம். ஆகவே அங்குலத்தை நம்பிக் கணக்கிடாமல், விவரத் தாளில் மி.மீட்டரில் தரப்பட்ட அளவைத் தேடி எழுதிக்கொள்ளுங்கள்.

3. பெருக்கி, 35 மி.மீ. சமானத்தைப் பெறுங்கள்

ஒவ்வொரு கேமராவுக்கும் ஒவ்வொரு சென்சார் என்றால் ஒப்பிட ஒரு பொது அளவை வேண்டும். அதற்காக 35 மி.மீ. ஃபிலிமின் 36 × 24 மி.மீ. சட்டத்தை அடிப்படையாக வைத்திருக்கிறார்கள். அதன் மூலைவிட்டம் 43.3 மி.மீ. இதை உங்கள் சென்சாரின் மூலைவிட்டத்தால் வகுத்தால் பெருக்கு எண் கிடைக்கும். 43.3 ÷ 7.7 = 5.6, இது 1/2.3 அங்குலச் சென்சாருக்கு உரியது. 43.3 ÷ 15.9 = 2.7, இது 1 அங்குலச் சென்சாருக்கு உரியது.

லென்ஸ் வளையத்து எண்ணை இதனால் பெருக்குங்கள். இக்ஸஸ் 185-இல் 5 × 5.6 = 28; 40 × 5.6 = 224. ஆக, அந்தக் கேமரா 28–224 மி.மீ. சமானம் உடையது. சோனி ஆர்எக்ஸ்100-இன் வளையத்தில் 10.4–37.1 என்று இருக்கும், 2.7-ஆல் பெருக்கினால் 28–100. நிக்கான் கூல்பிக்ஸ் பி900-இல் 4.3–357 என்பது 24–2000 ஆகிறது. ஜூம் இல்லாத ரிக்கோ ஜிஆர் கேமராவின் லென்ஸ் 18.3 மி.மீ.; அதன் சென்சார் பெரியது, பெருக்கு எண் ஏறத்தாழ 1.5, எனவே அதுவும் 28 மி.மீ. சமானமே.

மூன்று கேமராக்களில் 5, 10.4, 18.3 என்று வெவ்வேறு எண்கள் எழுதப்பட்டிருந்தும் மூன்றும் ஏறத்தாழ ஒரே காட்சியைக் காட்டுகின்றன. மாறாக, இக்ஸஸில் ஜூமை 18.3 மி.மீட்டரில் நிறுத்தினால் அது 102 மி.மீ. சமானமாகி, வாசலை முழுதும் காட்டிய இடத்தில் நின்று வாசற்படியில் நிற்கும் ஓர் ஆளை மட்டுமே காட்டும். வளையத்து எண்ணை மட்டும் வைத்து இரு கேமராக்களை ஒப்பிடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

விவரத் தாளில் சமான எண்ணும் தரப்பட்டிருந்தால், அதை வளையத்து எண்ணால் வகுத்துச் சரிபாருங்கள். இரு முனைகளிலும் ஒரே பெருக்கு எண் வர வேண்டும். வராவிட்டால், பெரும்பாலும் டிஜிட்டல் ஜூமைச் சேர்த்து எழுதப்பட்ட எண்ணை நீங்கள் எடுத்திருப்பீர்கள்.

இந்தப் பெருக்கல் பார்வையின் அகலத்துக்கு மட்டும் உரியது. ஒளியின் அளவைக் கணக்கிடத் துளை எண்ணையும் 5.6-ஆல் பெருக்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள், வேண்டாம். துளை எண்ணை எஃப் சேர்த்துச் சொல்வது வழக்கம்; எஃப் 3.2 என்றால் ஷட்டர் வேகத்தை, அதாவது சென்சாரில் ஒளி விழும் நேரத்தைப் பொறுத்தவரை அது எஃப் 3.2 தான்.

4. எக்ஸ் எண்ணை ஒதுக்கி வைத்து, டிஜிட்டல் ஜூமை அணையுங்கள்

8 எக்ஸ், 50 எக்ஸ் என்பவை டெலி முனையை வைட் முனையால் வகுத்த ஈவு மட்டுமே. 24-இல் தொடங்கும் 8 எக்ஸ் கேமரா 192-இல் முடியும். 35-இல் தொடங்கும் 8 எக்ஸ் கேமரா 280-இல் முடியும். முதலாவது ரத வீதியில் நின்று தேரை எடுக்க உதவும். இரண்டாவது அங்கே திணறும். கடையில் இரண்டின் பெட்டியிலும் ஒரே எக்ஸ்தான் எழுதியிருக்கும்.

டிஜிட்டல் ஜூமை மெனுவில் இப்போதே அணைத்துவிடுங்கள். அது லென்ஸை அசைப்பதில்லை. படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குகிறது. 20 மெகாபிக்சல் கேமராவில் டிஜிட்டல் ஜூம் 2 மடங்கு என்றால் எஞ்சும் உண்மையான விவரம் 5 மெகாபிக்சல். 4 மடங்கு என்றால் 1.25 மெகாபிக்சல். அந்த வெட்டை வீட்டில் கணினியிலேயே நிதானமாகச் செய்துகொள்ளலாம். இதை அணைக்காமல் அடுத்த படிகளைச் செய்தால், அளவீடுகள் அனைத்தும் பிழையாகிவிடும்.

5. மில்லிமீட்டரை மீட்டராக மாற்றுங்கள்

224 என்று சொன்னால் மனதில் ஒரு காட்சியும் எழாது. 10 மீட்டர் தள்ளி நின்றால் ஒன்றரை மீட்டர் அகலம் தெரியும் என்று சொன்னால் எழும். ஆகவே பாகைக் கணக்கை விட்டுவிட்டு, தூரத்தையும் அகலத்தையும் வைத்துப் பழகுவதே நல்லது என்பது என் கருத்து.

பெரும்பாலான சிறிய கேமராக்களின் படம் 4:3 விகிதம் கொண்டது. 43.3 மி.மீ. மூலைவிட்டம் உள்ள 4:3 சட்டத்தின் அகலம் 34.6 மி.மீ., உயரம் 26 மி.மீ. வடிவொத்த முக்கோணங்களின்படி, சட்டத்தின் அகலத்துக்கும் குவியத்தொலைவுக்கும் உள்ள விகிதமே காட்சியின் அகலத்துக்கும் நிற்கும் தூரத்துக்கும் இருக்கும். 34.6-ஐ 35 என்று எடுத்துக்கொண்டால் நினைவில் நிற்கும் ஒரு வாய்பாடு கிடைக்கிறது:

காட்சியின் அகலம் = நிற்கும் தூரம் × 35 ÷ சமானக் குவியத்தொலைவு
காட்சியின் உயரம் = நிற்கும் தூரம் × 26 ÷ சமானக் குவியத்தொலைவு

இதிலிருந்து சில இடங்களை மனப்பாடமாக வைத்துக்கொள்ளலாம். 35 மி.மீட்டரில், எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்களோ அவ்வளவு அகலம் தெரியும். 28-இல் தூரத்தின் ஒன்றேகால் பங்கு, 70-இல் பாதி, 140-இல் கால், 350-இல் பத்தில் ஒன்று. படம் 3:2 விகிதமாக இருந்தால் உண்மையான அகலம் சற்றுக் கூடும். களத்தில் அந்த வேறுபாடு ஒரு பொருட்டல்ல.

வாய்பாட்டைத் திருப்பியும் போடலாம். குறுக்குத்துறையைப் போல ஆற்றுக்குள் நிற்கும் ஒரு மண்டபம், கரையிலிருந்து 30 மீட்டர் தள்ளி 6 மீட்டர் அகலத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இருபுறமும் ஒவ்வொரு மீட்டர் தண்ணீர் தெரிய வேண்டுமானால் 8 மீட்டர் அகலம் தேவை. 30 × 35 ÷ 8 = 131. பெருக்கு எண் 5.6 உள்ள கேமராவில் இது லென்ஸின் உண்மையான 23 மி.மீட்டருக்குச் சற்று மேலே அமையும். தூரத்தைக் கண்ணால் மதிப்பிடக் காலடியே போதும். உங்கள் பத்து எட்டுகள் எத்தனை மீட்டர் என்று ஒருமுறை டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதிவிடுங்கள்.

6. மதிலில் அளந்து சரிபாருங்கள்

மதிலில் 50 செ.மீட்டருக்கு ஒன்றாகச் சாக்பீஸால் நேர்கோடுகள் போடுங்கள். லென்ஸின் முகப்பு மதிலிலிருந்து சரியாக 4 மீட்டர் தள்ளி இருக்குமாறு, கேமராவை ட்ரைபாட்டிலோ ஸ்டூலிலோ மதிலுக்கு நேராக வையுங்கள். சற்றுச் சாய்ந்திருந்தாலும் ஒரு பக்கத்துக் கோடுகள் நெருங்கி, அளவு கெடும்.

வைட் முனையில் ஒரு படம் எடுங்கள். பிறகு ஜூம் நெம்புகோலை ஒரு தட்டுத் தட்டி ஒரு படம், இன்னொரு தட்டு, இன்னொரு படம் என்று டெலி முனை வரை செல்லுங்கள். சிறிய கேமராக்களின் ஜூம் தொடர்ச்சியாக நகராமல் படிப்படியாகவே நகர்கிறது. பெரும்பாலானவற்றின் திரையில் மி.மீ. காட்டப்படுவதும் இல்லை. எத்தனையாவது தட்டில் எந்த எண் என்று தெரிந்தால்தான், களத்தில் திரையைப் பார்க்காமலே வேண்டிய இடத்தில் நிறுத்த முடியும்.

படங்களைக் கணினிக்கு மாற்றி, ஒவ்வொன்றின் எக்ஸிஃப் விவரத்தை, அதாவது படம் எடுத்தபோது கேமரா கோப்பிலேயே பதிந்துவைத்த குறிப்பைத் திறந்து பாருங்கள். விண்டோஸ் கணினியில் கோப்பின் மீது வலது சொடுக்குச் செய்து, பண்புகள் பகுதியில் விவரங்கள் என்ற பக்கத்துக்குச் சென்றால், லென்ஸின் உண்மையான குவியத்தொலைவு இருக்கும். சில கேமராக்கள் சமான எண்ணையும் பதிவு செய்கின்றன. இல்லாவிட்டால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பி, பெற்ற பிரதியில் இதைத் தேட வேண்டாம். அங்கே படம் சுருக்கப்படும்போது இந்த விவரங்கள் நீங்கிவிடுகின்றன. கார்டிலிருந்து நேராக மாற்றுங்கள். அனுப்பியே ஆக வேண்டுமானால் ஆவணமாக அனுப்புங்கள்.

4 மீட்டரில், 28-க்கு 5 மீட்டர் அகலமும் 224-க்கு ஏறத்தாழ 62 செ.மீட்டரும் தெரிய வேண்டும். சாக்பீஸ் கோடுகளை எண்ணிப் பார்த்து, ஒவ்வொரு தட்டுக்கும் நேரே எழுதுங்கள். கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும்போது லென்ஸின் பார்வை சிறிது மாறுவதாலும், மூலைகளின் வளைவைக் கேமரா தானே திருத்துவதாலும், நூற்றுக்குச் சில பங்கு வேறுபாடு இருக்கும். அதைப் பிழையாகக் கருத வேண்டாம். பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேறுபட்டால், 2-ஆம் படியில் சென்சாரின் அளவைத் தவறாக எடுத்திருக்கிறீர்கள், அல்லது டிஜிட்டல் ஜூம் இன்னும் அணைக்கப்படவில்லை.

அதே இடத்திலிருந்து வைட் முனையில் ஒரு வீடியோவும் எடுத்துப் பாருங்கள். பல கேமராக்கள் வீடியோவில் அசைவைக் குறைப்பதற்காக ஓரங்களை வெட்டுகின்றன. திருவிழாவில் வீடியோ எடுக்கும் எண்ணம் இருந்தால் அந்த அகலத்தையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

7. முதலில் நிற்கும் இடம், பிறகு ஜூம்

இதுவரை கற்றது எவ்வளவு தெரியும் என்பது. எப்படித் தெரியும் என்பது வேறு. அதை முடிவு செய்வது குவியத்தொலைவு அல்ல, நீங்கள் நிற்கும் தூரம். ஜூம் செய்தால் முகம் தட்டையாகிறது, வைட் வைத்தால் மூக்கு பெரிதாகிறது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. மூக்கைப் பெரிதாக்குவது வைட் லென்ஸ் அல்ல. வைட் வைத்ததால் நீங்கள் முகத்துக்கு மிக அருகில் சென்றுவிட்டதுதான் காரணம்.

கணக்கிட்டுப் பாருங்கள். தலையும் தோளும் 70 செ.மீ. உயரத்தில் அடங்கும்படி கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுப்பதாக வைத்துக்கொள்வோம். நிமிர்த்தினால் நெடுக்குவாட்டில் 35 என்ற எண் வேலை செய்யும். 28 மி.மீட்டரில் இதற்கு 56 செ.மீ. தூரத்தில் நிற்க வேண்டும், 100 மி.மீட்டரில் 2 மீட்டர். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே ஏறத்தாழ 12 செ.மீ. ஆழம் இருக்கிறது. 56 செ.மீட்டரில் நிற்பவருக்கு அது தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 2 மீட்டரில் நிற்பவருக்கு ஏறத்தாழப் பதினேழில் ஒரு பங்குதான். அதனால்தான் கிட்டத்துப் படத்தில் மூக்கு முன்னே வந்து, காது பின்வாங்கிவிடுகிறது. இரண்டு மீட்டரிலேயே நின்றுகொண்டு 28-இல் எடுத்து, பிறகு நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கிப் பாருங்கள். தெளிவு குறையும்; முகத்தின் அமைப்பு மட்டும் 100-இல் எடுத்ததைப் போலவே இருக்கும்.

இதன் மறுபக்கத்தை உணர எங்கள் பக்கத்தில் வசதியான இடம் கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வட்டாரத்து வயல் வரப்புகள். மேற்கே மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. நண்பர் ஒருவரை வரப்பில் நிறுத்தி, 28 மி.மீட்டரில் 2 மீட்டர் தள்ளி நின்று ஒரு படம் எடுங்கள். கண்ணுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிந்த மலை, படத்தில் அவர் தோளுக்குப் பின்னால் ஒரு நீலக் கோடாகச் சுருங்கியிருக்கும். இப்போது அவரிடமிருந்து 8 மீட்டர் தூரம் வரும்வரை பின்னால் சென்று, ஜூமை 112-க்குக் கொண்டுவந்து மீண்டும் எடுங்கள். தூரமும் நான்கு மடங்கு, குவியத்தொலைவும் நான்கு மடங்கு. ஆகவே நண்பரின் அளவு மாறாது. மலைக்கு மட்டும் உங்கள் ஆறு மீட்டர் நடை ஒரு பொருட்டே அல்ல; குவியத்தொலைவு நான்கு மடங்கானதால் அது நான்கு மடங்கு உயர்ந்து நிற்கும்.

இதைச் செய்து பார்த்தவர்கள் அதற்குப் பிறகு கேமராவை எடுத்தவுடன் ஜூமைத் தொடுவதில்லை. பின்னணி எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அதற்கு ஏற்ற இடத்துக்கு நடந்து, பிறகே தேவையானதைச் சட்டத்துக்குள் அடைக்க ஜூம் செய்கிறார்கள். நின்ற இடத்திலேயே நின்று ஜூமை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருப்பதுதான் நான் கண்ட பிழைகளுள் திருத்துவதற்கு மிகவும் கடினமானது. முடிந்தால் ஒரு நாள் முழுதும் ஜூமை ஒரே இடத்தில் வைத்து, காலால் மட்டும் சட்டத்தை அமைத்துப் பழகுங்கள்.

சிறிய கேமராவில் பின்னணி மங்கலாகவில்லையே என்ற குறை அடிக்கடி எழும். 40 மி.மீ. லென்ஸ் எஃப் 6.9-இல் திறக்கும் துளையின் விட்டம் 40 ÷ 6.9, அதாவது 6 மி.மீட்டருக்கும் குறைவு. பின்னணியைக் கரைக்கப் பெரிய துளை வேண்டும். ஆளைப் பின்னணியிலிருந்து தள்ளி நிறுத்துவதும், டெலி முனையில் எடுப்பதும் ஓரளவு உதவும்; அதற்கு மேல் இந்தக் கேமராவிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

8. கோபுரம்: வைட் முனையைப் பயன்படுத்தும் முறை

கோபுரத்துக்கு அருகே நின்று கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால், பக்கக் கோடுகள் மேலே கூடி, கோபுரம் பின்னோக்கிச் சாய்வது போலத் தெரியும். இது லென்ஸின் குறை அல்ல. சென்சார் கோபுரத்துக்கு இணையாக இல்லாததன் விளைவு. கேமராவை நேராகப் பிடித்தால் கோடுகள் நேராக நிற்கும். ஆனால் அப்போது சட்டத்தின் கீழ்ப்பாதி தரைக்குப் போய்விடும்; கோபுரத்துக்குக் கிடைப்பது மேல்பாதி மட்டுமே.

நிமிர்த்திப் பிடித்த 28 மி.மீ. சட்டத்தின் உயரம் தூரத்தின் ஒன்றேகால் மடங்கு, மேல்பாதி 0.62 மடங்கு. கோபுரம் 25 மீட்டர், உங்கள் கண்மட்டம் ஒன்றரை மீட்டர் என்றால், எஞ்சிய 23.5 மீட்டரை 0.62-ஆல் வகுங்கள்: 38 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 24 மி.மீ. கேமராவுக்கு 32 மீட்டர் போதும். ரத வீதியில் அவ்வளவு இடம் இல்லாவிட்டால் எதிர் வீட்டு மாடிக்கு அனுமதி கேட்டுச் செல்லுங்கள். கண்மட்டம் ஒவ்வொரு மீட்டர் உயரும்போதும் பின்னால் செல்ல வேண்டிய தூரம் ஒன்றரை மீட்டருக்கு மேல் குறைகிறது. ஆனித் தேரோட்டத்தின்போது நெல்லையப்பர் தேரை எடுப்பதற்கும் இதே கணக்குதான். ஆனால் அன்று பின்னால் நகர இடம் கிடைக்காது என்பதால், முந்தைய நாளே நிற்கும் இடத்தை எட்டு வைத்து அளந்துவிட வேண்டும். வடம் பிடிப்பவர்களின் பாதையில் ஒருபோதும் நிற்காதீர்கள்.

கிருஷ்ணாபுரம் கோயில் மண்டபத்துச் சிற்பங்களைப் போன்ற மங்கலான இடங்களில், படம் எடுக்க அனுமதி உண்டா என்பதை முதலில் கேட்டறிந்து, எட்ட நின்று ஜூம் செய்யாமல் கிட்டச் சென்று, வைட் முனைக்குச் சற்று மேலே வைத்து எடுங்கள். அதன் காரணம் அடுத்த படியில் இருக்கிறது.

9. பறவை: டெலி முனையைப் பயன்படுத்தும் முறை

ஜூம் செய்யச் செய்யத் துளை சுருங்குகிறது. எஃப் 3.2-இலிருந்து 6.9-க்குச் செல்லும்போது ஒளி நான்கில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது. அதே சமயம் கை நடுக்கம், குவியத்தொலைவு கூடிய அளவுக்குப் படத்திலும் பெரிதாகிறது. ஒளி குறைவதும் நடுக்கம் கூடுவதும் ஒரே நேரத்தில் நிகழ்வதால்தான் டெலி முனைப் படங்கள் மிகுதியாகக் கெடுகின்றன.

பழைய விதி ஒன்று உண்டு: ஷட்டர் வேகம், சமானக் குவியத்தொலைவின் தலைகீழ் எண்ணுக்குக் குறையக் கூடாது. 224-க்கு 1/250 நொடி. 1000-க்கு 1/1000 நொடி. வளையத்து எண்ணான 40-ஐ வைத்து 1/40 போதும் என்று எண்ணுவது பிழை; இங்கே கணக்கில் வருவது சமான எண்தான். கேமராவில் உள்ள நடுக்கத் தடுப்பு இதைவிட மெதுவான வேகத்திலும் உங்கள் கையைக் காப்பாற்றும். சிறகடிக்கும் பறவையை அது நிறுத்தாது. பறக்கும் பறவைக்கு 1/1000 நொடியாவது வேண்டும்.

எவ்வளவு ஜூம் தேவை என்பதைக் கணக்கிட்டு முடிவு செய்யுங்கள். மஞ்சள் மூக்கு நாரை நின்றால் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் இருக்கும். 40 மீட்டர் தூரத்தில், 224 மி.மீட்டரில் சட்டத்தின் உயரம் 40 × 26 ÷ 224 = 4.6 மீட்டர், பறவை சட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். எந்தப் பறவை என்று அடையாளம் சொல்ல அது போதும். இறகின் நுட்பம் தெரியாது. 900-இல் சட்டத்தின் உயரம் 1.16 மீட்டர், பறவை நிறைந்து நிற்கும். 2000-இல் 52 செ.மீ. மட்டுமே, பறவை அடங்கவே அடங்காது. 2000 வரை செல்லும் கேமராவை வாங்கியவர்கள் எப்போதும் அதன் கடைசி முனையில் வைத்துவிட்டுப் பறவையைத் தேடிக் களைத்துப்போவதை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன். முதலில் ஜூமைக் குறைத்துப் பறவையை நடுவில் நிறுத்துங்கள். பிறகு மெல்லக் கூட்டுங்கள்.

கூந்தன்குளத்தில் பறவைகள் ஊருக்குள்ளேயே, வீடுகளை ஒட்டிய மரங்களில் கூடு கட்டுகின்றன. 12 மீட்டர் தூரத்து மரத்துக்கு 224 மி.மீ. கேமராவே 1.4 மீட்டர் உயரச் சட்டத்தைத் தருகிறது. அங்கே பெரிய ஜூம் தேவையே இல்லை. கூட்டுக்கு இன்னும் நெருங்கிச் செல்ல வேண்டாம். ஊர் மக்கள் தலைமுறைகளாகப் பேணிவரும் பறவைகள் அவை. தாய்ப்பறவை எழுந்து பறந்துவிட்டால் குஞ்சு வெயிலில் கிடக்கும்.

நேரமும் முக்கியம். நம் ஊர் வெயிலில் காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் குளத்துக் கரையிலும் தார்ச்சாலையிலும் சூடேறிய காற்று அலைகிறது. 500 மி.மீட்டருக்கு மேல் அந்த அலையும் சேர்ந்து பெரிதாவதால், ட்ரைபாட்டில் வைத்தாலும் படம் கூர்மையாக வராது. இதை ஃபோகஸ் பிழை என்று எண்ணிக் கேமராவைப் பழுது பார்க்கக் கொடுத்தவர்கள் உண்டு. பணகுடி, ராதாபுரம் பக்கத்தில் ஆனி, ஆடி மாதங்களில் அடிக்கும் காற்றும், வெளியே நீண்டிருக்கும் லென்ஸ் குழலைப் பிடித்து ஆட்டும். ஒரு சுவரின் மறைவில் நில்லுங்கள்.

10. மிகக் கிட்டத்துப் படம்

பத்தமடைப் பாயின் நெசவைப் படம் பிடிக்க வேண்டும் என்றால் ஜூம் செய்யத் தோன்றும். பெரும்பாலான சிறிய கேமராக்கள் வைட் முனையில்தான் சில செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும். டெலி முனையில் குறைந்தது ஒரு மீட்டர் அளவாவது தள்ளி நிற்க வேண்டியிருக்கும். இரு முனைகளுக்கும் உரிய குறைந்தபட்சத் தூரம் கையேட்டில் இருக்கிறது, அதை எழுதிக்கொள்ளுங்கள். வைட் முனையில் மிக நெருங்கினால் லென்ஸின் நிழல் பாயின் மீதே விழும். சன்னலின் ஒளி பக்கவாட்டில் வருமாறு பாயைத் திருப்பிப் போடுங்கள்.

11. எடுத்து முடித்த பின் எண்ணிப் பாருங்கள்

இரண்டு மூன்று பயணங்களுக்குப் பிறகு, உங்களுக்குப் பிடித்த ஐம்பது படங்களின் எக்ஸிஃப் எண்களை நோட்டில் வரிசையாக எழுதுங்கள். பாதிக்கு மேல் 28-இலேயே எடுக்கப்பட்டிருந்து, அவற்றின் ஓரங்களில் ஏதாவது வெட்டுப்பட்டிருந்தால், அடுத்து வாங்கும் கேமரா 24-இல் தொடங்க வேண்டும். 10 மீட்டரில் அது இரண்டு மீட்டர் அகலத்தைக் கூடுதலாகத் தரும். பெரும்பாலானவை டெலி முனையிலேயே இருந்து, பறவைகள் இன்னும் சிறிதாகத் தெரிந்தால், 5-ஆம் படியின் வாய்பாட்டைத் திருப்பிப் போட்டு, நீங்கள் வழக்கமாக நிற்கும் தூரத்துக்கு எத்தனை மி.மீ. வேண்டும் என்று கண்டுபிடியுங்கள். அந்த எண்ணை எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். விற்பவர் எக்ஸ் கணக்கில் சொல்லத் தொடங்கினால், வைட் முனை எத்தனை, டெலி முனை எத்தனை, சென்சார் எத்தனை மி.மீ. என்று இந்த வரிசையில் கேளுங்கள்.